பெயர் ஒருவருக்கு, சாவி எல்லோருக்கும்

தமிழ்நாட்டு வீடுகளில் கார் ஒருவர் பெயரில் இருக்கும். சாவி எல்லோருக்கும் பொது. ஆர்.சி. புத்தகத்தில் அப்பாவின் பெயர். காலையில் அலுவலகத்துக்கு எடுத்துப்போவது மகன். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வருவது மருமகள். கல்யாணம், கோயில் என்றால் ஊரிலிருந்து வந்த மைத்துனரும் ஸ்டியரிங்கைப் பிடிப்பார். இத்தனை பேர் ஓட்டும் வண்டிக்குப் பாலிசி புதுப்பிக்கும் நாளில் ஏஜென்ட் கேட்பது ஒரே கேள்விதான்: "இந்த வருஷம் கிளெயிம் ஏதாவது உண்டா சார்?" இல்லை என்றால் தள்ளுபடி ஒரு படி ஏறும். உண்டு என்றால் பூஜ்யத்துக்கு இறங்கும். யார் இடித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

நோ கிளெயிம் போனஸ், சுருக்கமாக என்.சி.பி., என்று புழங்கும் இந்தத் தள்ளுபடி யாருக்குச் சொந்தம்? காருக்கா, உரிமையாளருக்கா, ஓட்டுபவருக்கா? ஒருவரே வாங்கி ஒருவரே ஓட்டும் வீட்டில் இந்தக் கேள்வி எழாது. நாலு பேர் பகிர்ந்து ஓட்டும் வீட்டில் இதுதான் முதல் கேள்வி. நாட்டுக்கு நாடு விடை மாறுகிறது. இந்தியாவின் விடை புரிந்துகொள்ள எளியது. ஆனால் குடும்பம் காரைப் பயன்படுத்தும் விதத்துக்கும் அதற்கும் பொருத்தமே இல்லை என்பது என் கருத்து.

முதலில் விதியைப் பார்ப்போம். 2002 ஜூலை 1 அன்று நடப்புக்கு வந்த இந்திய மோட்டார் கட்டண விதித்தொகுப்பில் 27ஆவது பொது விதி இந்தத் தள்ளுபடியைப் பற்றியது. ஓராண்டு கிளெயிம் இல்லையென்றால் 20 சதவீதம், தொடர்ந்து இரண்டாண்டு என்றால் 25, மூன்றாண்டுக்கு 35, நான்குக்கு 45, ஐந்துக்கு 50. அதற்கு மேல் ஏற்றம் கிடையாது. அதற்கு முந்தைய காலத்தில் 65 சதவீதம்வரை போனவர்கள் உண்டு. அவர்கள் மட்டும் அடுத்த கிளெயிம் வரும்வரை பழைய விகிதத்தை வைத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 2007 ஜனவரியில் பிரீமியத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கலாம் என்று கட்டுப்பாடு தளர்ந்தது. அப்போதும் இந்த ஏணி மாறவில்லை. இன்றும் எந்த நிறுவனத்துக்குப் போனாலும் இதே ஐந்து படிகள்தான்.

இந்தச் சதவீதம் எதன் மேல் கணக்கிடப்படுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 'ஃபுல் இன்ஷூரன்ஸ்' என்று நாம் சொல்வதில் இரண்டு பகுதிகள். உங்கள் காருக்கு வரும் சேதத்துக்கான சொந்தச் சேதப் பகுதி ஒன்று. உங்கள் காரால் பிறருக்கு வரும் இழப்புக்கான தேர்ட் பார்ட்டி பகுதி மற்றொன்று. தள்ளுபடி முதல் பகுதிக்கு மட்டுமே. தேர்ட் பார்ட்டி கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் முதல் நடப்புக்கு வந்த விகிதப்படி 1000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு 2,094 ரூபாய், 1500 சி.சி. வரை 3,416, அதற்கு மேல் 7,897. இருபது வருடம் கீறல் இல்லாமல் ஓட்டினாலும் இதில் ஒரு ரூபாய் குறையாது. 1200 சி.சி. கார் ஒன்றுக்குச் சொந்தச் சேதப் பிரீமியம் 14,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 50 சதவீதத் தள்ளுபடி மொத்த பில்லைப் பாதியாக்காது. சுமார் 40 சதவீதம்தான் குறைக்கும். குறைவில்லைதான். ஆனால் பாதி என்று நினைத்துக் கணக்குப் போடுபவர்கள் ஏமாறுவார்கள்.

2018இல் இன்னொரு மாற்றம் வந்தது. சாலைப் பாதுகாப்பு குறித்துக் கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவால், அந்த ஆண்டு செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்றாண்டுத் தேர்ட் பார்ட்டி பாலிசி கட்டாயமானது. அடுத்த ஆண்டிலிருந்து சொந்தச் சேதப் பாலிசியைத் தனியாக வாங்கவும் வழி பிறந்தது. இப்போது ஒரே காருக்குத் தேர்ட் பார்ட்டி ஒரு நிறுவனத்திலும் சொந்தச் சேதம் வேறு நிறுவனத்திலும் இருக்கலாம். என்.சி.பி. சொந்தச் சேதப் பாலிசியோடு போகும்.

இனி குடும்ப விஷயத்துக்கு வருவோம். 27ஆவது விதியில் ஒரு வாக்கியம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: தள்ளுபடி உரிமை காப்பீடு செய்தவரைப் பின்தொடரும், வண்டியையோ பாலிசியையோ பின்தொடராது. காப்பீடு செய்தவர் என்றால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர். அவர் கார் ஓட்டத் தெரியாதவராகவும் இருக்கலாம். ஓட்டுநர் பற்றி இந்தியப் பாலிசி கேட்பது ஒன்றுதான்: செல்லுபடியாகும் உரிமம் இருக்கிறதா? இருந்தால் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். ஓட்டுநர்களின் பெயரைப் பாலிசியில் எழுதும் வழக்கமே இங்கு இல்லை. எல்.எல்.ஆர். வைத்திருக்கும் பிள்ளைகூட, உரிமம் பெற்ற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தால் ஓட்டலாம். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையிடம் சாவி கொடுப்பது வேறு கதை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அது பெற்றோருக்குச் சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் கொண்டுவரும் குற்றம்.

இந்தத் தாராளத்துக்கு ஒரு விலை உண்டு. மகள் பார்க்கிங் தூணில் உரசினாலும், மைத்துனர் ஆட்டோவின் பின்னால் முட்டினாலும், குறைவது ஆர்.சி. வைத்திருப்பவரின் தள்ளுபடி. தவறு யாருடையது என்பதும் பொருட்டல்ல. சிக்னலில் நின்றிருந்த காரைப் பின்னால் வந்த லாரி இடித்து, நீங்கள் உங்கள் பாலிசியில் கிளெயிம் செய்தால் அதுவும் கிளெயிம்தான். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளின் தரைக்கீழ்த் தளங்களில் மூழ்கிய கார்களை யாரும் ஓட்டிக்கொண்டிருக்கவில்லை. கிளெயிம் செய்தவர்களின் என்.சி.பி. போயிற்று. ஒரு வீட்டில் இரண்டு கார் நின்றிருந்தால் இரண்டு தள்ளுபடியும் ஒரே இரவில் போயிருக்கும். கவனமாக ஓட்டியதற்குப் பரிசு என்று விளம்பரங்கள் இதைச் சொல்கின்றன. உண்மையில் இது கிளெயிம் கேட்காமல் இருந்ததற்கான பரிசு.

அதனால் வீட்டில் எடுக்க வேண்டிய முதல் முடிவு, யார் ஓட்டுவது என்பதைவிட எப்போது கிளெயிம் செய்வது என்பதுதான். இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

50 சதவீதத்தில் இருக்கும் ஒருவர் ஒரு கிளெயிம் செய்தால் அடுத்த ஆண்டு தள்ளுபடி பூஜ்யம். பிறகு 20, 25, 35, 45 என்று ஏறி ஆறாவது புதுப்பித்தலில்தான் பழைய 50க்கு வருகிறார். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் அவர் இழந்தவற்றைக் கூட்டினால் 50, 30, 25, 15, 5; மொத்தம் 125 சதவீதம். அதாவது ஒரு ஆண்டின் தள்ளுபடியில்லாத முழுச் சொந்தச் சேதப் பிரீமியத்தைப் போல ஒன்றேகால் மடங்கு. 14,000 ரூபாய்ப் பிரீமியம் என்றால் 17,500 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தால் 20,650. கார் பழசாக ஆகப் பிரீமியமும் குறையும் என்பதால் உண்மையான தொகை இதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். ஆனாலும் இந்த வீட்டில் பத்தாயிரம் ரூபாய்ப் பம்பருக்குக் கிளெயிம் செய்வது நஷ்டக் கணக்கு.

இப்போதுதான் 20 சதவீதத்துக்கு வந்திருப்பவருக்குக் கணக்கு வேறு. அவர் கிளெயிம் செய்யாமல் இருந்திருந்தால் 25, 35, 45, 50, 50 என்று போயிருப்பார். செய்ததால் 0, 20, 25, 35, 45. வித்தியாசங்களைக் கூட்டினால் 80 சதவீதம். அதே 14,000க்கு 11,200 ரூபாய், வரி தனி. ஒரே வீட்டில் அப்பாவின் கார் 50இலும் மகனின் கார் 20இலும் இருந்தால், ஒரே அளவு சேதத்துக்கு அப்பா கைப்பணம் போட்டுச் சரிசெய்வதும் மகன் கிளெயிம் செய்வதும் இரண்டுமே சரியான முடிவாக இருக்கக்கூடும்.

சர்வீஸ் சென்டரில் இந்தக் கணக்கை யாரும் போட்டுக்காட்ட மாட்டார்கள். "இன்ஷூரன்ஸா, கேஷா சார்?" என்று கேட்பார்கள். இன்ஷூரன்ஸ் என்றால் பில்லைப் பற்றி வாடிக்கையாளர் சண்டை பிடிப்பதில்லை. அதனால் அவர்களுக்கு அதுதான் பிடிக்கும். 'பம்பர் டு பம்பர்' என்ற தேய்மானம் கழிக்காத பாலிசி எடுத்தவர்களுக்கு இந்த ஆசை இன்னும் அதிகம். சாதாரணப் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதித் தேய்மானம் கழித்துத்தான் பணம் வரும். அதிலும் 1500 சி.சி. வரை முதல் 1,000 ரூபாய் நம் தலையில். தேய்மானம் இல்லாத பாலிசியில் ஏறக்குறைய முழுத் தொகையும் வந்துவிடுவதால் 'கட்டிய காசுக்குப் பலன் எடுக்கலாமே' என்று தோன்றும். தள்ளுபடியைக் காப்பாற்றச் சிறிய சேதங்களை மக்கள் கையிலிருந்தே சரிசெய்துகொள்ளும் பழக்கத்தைக் காப்பீட்டுக் கணக்கியலாளர்கள் வெகுநாளாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். பெல்ஜியத்துக்காரரான ழான் லெமேர் 1995இல் இத்தகைய தள்ளுபடி முறைகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். நிறுவனங்களுக்கும் அந்தப் பழக்கம் வசதிதான். ஐயாயிரம் ரூபாய்க் கிளெயிமுக்குச் சர்வேயரை அனுப்பும் செலவு மிச்சம்.

பகிர்ந்து ஓட்டும் வீடுகள் தவறவிடும் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஒரே பாலிசி ஆண்டில் ஒரு கிளெயிம் என்றாலும் மூன்று என்றாலும் தள்ளுபடி இறங்குவது அதே பூஜ்யத்துக்குத்தான். ஜூனில் மகனால் ஒரு பெரிய கிளெயிம் ஆகிவிட்டது என்றால், நவம்பரில் மருமகளுக்கு நேர்ந்த சேதத்தை 'என்.சி.பி. போயிடுமே' என்று கைக்காசில் சரிசெய்வதில் பொருள் இல்லை. போக வேண்டியது ஜூனிலேயே போய்விட்டது. ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: கிளெயிம்களின் எண்ணிக்கையைப் பார்த்து அடிப்படைப் பிரீமியத்தையே உயர்த்தும் உரிமை இப்போது நிறுவனத்துக்கு உண்டு.

தள்ளுபடியைக் காக்க 'என்.சி.பி. ப்ரொடெக்ட்' என்று ஒரு ஆட் ஆன் விற்கிறார்கள். ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ கிளெயிம் வந்தாலும் தள்ளுபடி குறையாது என்பது அதன் உறுதி. நிபந்தனைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். புதிதாக உரிமம் வாங்கிய பிள்ளை இருக்கும் வீட்டில், கார் 45 அல்லது 50 சதவீதத்தில் இருந்தால், இது வாங்கத் தகுந்தது. ஒருவர் மட்டும் ஞாயிற்றுக்கிழமை எடுக்கும் காருக்கு வீண். வாங்கும்போதே ஒன்றைக் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும்: அடுத்த ஆண்டு வேறு நிறுவனத்துக்கு மாறினால் அவர்கள் இந்தப் பாதுகாப்பை மதிப்பார்களா? மதிக்காவிட்டால், ஆட் ஆன் வாங்கியவர் அந்த நிறுவனத்தோடேயே இருக்க வேண்டியவராகிறார்.

வீட்டுக்கு இரண்டாவது கார் வரும்போதுதான் பெரும்பாலான பணம் வீணாகிறது. விதி இதுதான்: ஒரு தள்ளுபடி ஒரு காருக்கு. பழைய காரை வைத்துக்கொண்டே புதுக் கார் வாங்கினால் புதியது பூஜ்யத்தில் தொடங்கும். பழையதன் 50 சதவீதத்தை இரண்டுக்கும் பங்கிட முடியாது. ஆனால் பழைய கார் கை மாறினால், உரிமையாளர் தன் 50 சதவீதத்தை அதே வகையைச் சேர்ந்த அடுத்த காருக்குக் கொண்டுபோகலாம். கை மாறுவது என்றால் வெளியாளுக்கு விற்பது மட்டும் அல்ல. அப்பா பழைய காரை மகன் பெயருக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறையாக மாற்றிக்கொடுத்தால், நிறுவனத்திடம் என்.சி.பி. கடிதம் வாங்கித் தன் புதுக் காருக்குப் போட்டுக்கொள்ளலாம். பழைய காரின் சொந்தச் சேதப் பிரீமியம் ஆறாயிரம், புதியதன் பிரீமியம் இருபத்தைந்தாயிரம் என்றால், 50 சதவீதம் எங்கே இருப்பது நல்லது என்று சொல்ல வேண்டியதில்லை. மகன் பழைய காரில் பூஜ்யத்திலிருந்து தனக்கென்று ஒரு கணக்கைத் தொடங்குவார். இரண்டு பேரும் பகிர்ந்து ஓட்டும் வீட்டுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இந்திய விதிகளுக்குள் இல்லை.

இங்கே இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்று, பெயர் மாற்றத்தைப் பாதியில் விடுவது. ஆர்.சி.யை மகன் பெயருக்கு மாற்றிவிட்டுப் பாலிசியை அப்பா பெயரிலேயே விட்டால், தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு மட்டுமே மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆவது பிரிவின்படி தானாக மகனுக்குச் செல்லும். சொந்தச் சேதப் பகுதி செல்லாது என்று 1990களின் நடுவிலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. காரின் சொந்தச் சேதத்துக்குக் காப்பீடே இல்லாத நிலை அது. ஆர்.சி. மாறிய பதினான்கு நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுத வேண்டும்.

இரண்டாவது பள்ளம், புதுக் காரை மனைவி பெயரில் வாங்குவது. ராசி, கடன் தகுதி, வருமான வரி என்று காரணங்கள் பல. கணவரின் 50 சதவீதம் அந்தக் காருக்கு வராது. அவர் பத்தாண்டு கிளெயிம் இல்லாமல் இருந்திருந்தாலும், மனைவியே கணவரின் பழைய காரைப் பத்தாண்டு ஓட்டியிருந்தாலும் வராது. "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று சொல்லும் ஏஜென்ட்டுகள் உண்டு. அவர்கள் நிரப்பும் படிவத்தில் ஒரு உறுதிமொழி இருக்கிறது. கேட்ட தள்ளுபடி விகிதம் தவறு என்று தெரியவந்தால் பாலிசியின் முதல் பிரிவான சொந்தச் சேதப் பலன்கள் அனைத்தும் பறிபோகும் என்று அதில் கையெழுத்துப் போடுகிறோம். புது நிறுவனம் 21 நாளுக்குள் பழைய நிறுவனத்திடம் விசாரித்து எழுத வேண்டும், பழைய நிறுவனம் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று கட்டண விதித்தொகுப்பு சொன்னது. விசாரிக்காமல் பிரீமியத்தை வாங்கிக்கொண்டு, பெரிய கிளெயிம் வந்த பிறகு தோண்டி எடுத்த நிறுவனங்களின் தவறையும் கணக்கில் கொண்டு, சில வழக்குகளில் நுகர்வோர் ஆணையங்கள் இழப்பீட்டில் ஒரு பகுதியைக் கொடுக்கச் சொல்லியிருக்கின்றன. வேறு சிலவற்றில் முழு மறுப்பும் செல்லும் என்றிருக்கின்றன. நாலாயிரம் ரூபாய்த் தள்ளுபடிக்காக ஆறு லட்ச ரூபாய்க் காரை நீதிமன்றத்தின் கையில் விடுவது புத்திசாலித்தனம் இல்லை.

குடும்பத்துக்குள் தள்ளுபடி கை மாற விதி அனுமதிப்பது ஒரே ஒரு சூழலில்: உரிமையாளர் இறந்தால். காரின் பொறுப்பும் பயன்பாடும் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோரிடம் வந்தால், இறந்தவரின் தள்ளுபடி அவர்களுக்குப் போகும். தம்பி, மருமகள், பேரன் இந்தப் பட்டியலில் இல்லை. உரிமையாளர் இறந்த நாளிலிருந்து மூன்று மாதம், அல்லது பாலிசி முடியும் தேதி, எது முந்தியதோ அதுவரை பாலிசி உயிரோடு இருக்கும். அதற்குள் இறப்புச் சான்றிதழோடு போய்ப் பெயர் மாற்ற வேண்டும். துக்க வீட்டில் இது யாருக்கும் நினைவு வராது. 2021 முதல் ஆர்.சி.யிலேயே நியமனதாரர் பெயரைச் சேர்க்க வழி வந்திருக்கிறது. இன்னும் சேர்க்காதவர்கள் சேர்த்துவிடுவது நல்லது.

காலக்கெடுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டிக்கொண்டிருக்கும் காரின் பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் என்.சி.பி. போய்விடும். காரை விற்றுவிட்டு உடனே வேறு வாங்காதவர்களுக்கு மூன்றாண்டு அவகாசம் உண்டு. வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஊர் திரும்புகிறவர்களுக்கும் ஒரு சலுகை இருக்கிறது: அங்கே சம்பாதித்த தள்ளுபடிக்குச் சான்று கொண்டுவந்தால், அந்தப் பாலிசி முடிந்த மூன்றாண்டுக்குள் இங்கே எடுக்கும் பாலிசியில் அதைக் கேட்கலாம். நிறுவனம் கொடுத்த கார் பின்னர் ஊழியரின் பெயருக்கே மாறினால், அவர் மட்டுமே ஓட்டியதாக நிறுவனம் கடிதம் கொடுத்தால் அந்தத் தள்ளுபடியும் ஊழியருக்கு வரும். இந்தக் கடைசி விதியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெயர் வேறு, ஓட்டியவர் வேறு என்பதை இந்திய விதி ஒப்புக்கொள்ளும் ஒரே இடம் இது. முதலாளி எழுதிக் கொடுத்தால் ஏற்கிற அந்த நியாயத்தை, கணவன் எழுதிக் கொடுத்தால் ஏன் ஏற்கக் கூடாது?

வெளிநாடுகளில் எப்படி என்று பார்த்தால் நம் விதியின் குறையும் நிறையும் தெளிவாகும். பிரிட்டனில் காப்பீடு ஓட்டுநரைச் சுற்றி நிற்கிறது. சாதாரணமாகப் பாலிசியில் பெயர் எழுதப்பட்டவர்தான் காரை எடுக்கலாம். வீட்டில் நாலு பேர் ஓட்டினால் நாலு பெயரும் இருக்க வேண்டும். ஒவ்வொருவரின் வயது, விபத்து வரலாற்றுக்கும் ஏற்ப விலை மாறும். ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ இருக்கும் தமிழ்க் குடும்பத்தில் பத்தொன்பது வயது மகனின் பெயரைச் சேர்த்தால் பிரீமியம் எகிறும். அதனால்தான் மகன் தினமும் ஓட்டும் காருக்கு அப்பாவே முதன்மை ஓட்டுநர் என்று சொல்லிப் பாலிசி எடுக்கும் ஆசை வருகிறது. அது அங்கே மோசடி. பிடிபட்டால் கிளெயிம் மறுக்கப்படும்.

ஆனால் தள்ளுபடி விஷயத்தில் பிரிட்டனும் பெயர் பார்க்கிற நாடுதான். பொதுவாகத் தள்ளுபடி ஆண்டுகள் சேர்வது பாலிசிதாரருக்கு. கூடுதல் ஓட்டுநராகப் பெயர் எழுதப்பட்ட மனைவிக்குப் பத்தாண்டு ஆனாலும் ஒன்றும் சேராது. சில நிறுவனங்கள் மட்டும் அந்த அனுபவத்தைத் தங்கள் வாடிக்கையாளருக்கு ஓரளவு கணக்கில் எடுக்கின்றன. பயன்படுத்தாத தள்ளுபடி பெரும்பாலும் இரண்டாண்டில் காலாவதியாகிறது. இரண்டு கார் வைத்திருந்த தம்பதி செலவைக் குறைக்க ஒன்றை விற்றுவிட்டால், பெயரை இழந்தவரின் கடிகாரம் அன்றே ஓடத் தொடங்கும். இரண்டு காரையும் இருவரும் பகிர்ந்து ஓட்டினாலும், ஆளுக்கொரு காருக்குப் பாலிசிதாரராக இருந்து மற்றவர் பெயரைக் கூடுதல் ஓட்டுநராகச் சேர்த்துக்கொண்டால் இருவரின் தள்ளுபடியும் உயிரோடு இருக்கும். ஆனால் அந்தக் காரை அதிகம் ஓட்டுபவர் உண்மையிலேயே அவராக இருக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட தள்ளுபடி அங்கும் விற்கிறது. தள்ளுபடிச் சதவீதம் காக்கப்படுமே ஒழியப் பிரீமியம் ஏறாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இதை வாங்குபவர்களுக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்று போட்டி ஆணையம் 2015இல் உத்தரவே போட வேண்டியிருந்தது.

சிங்கப்பூரில் தனியார் காருக்கு ஆண்டுக்குப் பத்து பத்தாக 50 சதவீதம் வரை ஏறும். ஒரு கிளெயிம் ஆனால் 50இலிருந்து 20க்கு இறங்கும், 40இலிருந்து 10க்கு. 30 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் பூஜ்யம். மலேசியாவில் 25, 30, 38.33, 45, 55 என்று ஏறும். இறங்கும்போது நம்மைப் போல ஒரேயடியாகப் பூஜ்யத்துக்கு. பலர் ஓட்டும் வீட்டுக்குச் சிங்கப்பூரின் இறக்கம் இதமானது. வீட்டில் ஒருவரின் ஒரு தவறு மற்றவர்களின் ஐந்தாண்டை முழுதாக அழிப்பதில்லை.

பிரான்ஸ் முற்றிலும் வேறு வழியில் போனது. அங்கே ஒரு குணகம் 1 என்று தொடங்குகிறது. விபத்தில்லாத ஒவ்வோர் ஆண்டும் அது 0.95ஆல் பெருக்கப்படும், முழுப் பொறுப்பும் நம்மேல் விழும் விபத்துக்கு 1.25ஆல், பாதிப் பொறுப்புக்கு 1.125ஆல். கீழ் எல்லை 0.50, அதை எட்டப் பதின்மூன்று ஆண்டு ஆகும். மேல் எல்லை 3.50. அதாவது கவனக்குறைவுக்குத் தண்டனையும் உண்டு. நின்றிருந்த காரை இன்னொருவர் இடித்தால் எதுவும் ஏறாது. நிறுவனம் தரும் வரலாற்றுச் சான்றில் பாலிசியில் அறிவிக்கப்பட்ட ஓட்டுநர்களின் பெயர்களும் இருக்கும். கணவரின் காரை இரண்டாவது ஓட்டுநராக ஓட்டிய மனைவி தனிக் கார் வாங்கும்போது அந்தச் சான்றைக் காட்டலாம்.

பிரான்ஸைப் போல ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உரிமம் உள்ள யாரும் ஓட்டலாம் என்ற நம் சுதந்திரம் விலைமதிப்புள்ளது. அவசரத்துக்கு மருத்துவமனைக்குக் கார் எடுக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைப் பாலிசியில் தேட வேண்டியதில்லை. பிரிட்டனில் குடும்பங்கள் படும் பாட்டைப் பார்த்தவர்கள் இதை இழக்கச் சம்மதிக்க மாட்டார்கள். ஆனால் இந்தச் சுதந்திரம் ஓட்டுபவருக்கு எதையும் மிச்சம் வைப்பதில்லை, தள்ளுபடியில் மட்டுமல்ல. உரிமையாளர் ஓட்டும்போது உயிரிழந்தால் கிடைக்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு, சென்னை உயர் நீதிமன்றத்தின் 2017 தீர்ப்பைத் தொடர்ந்து 2018இல் 15 லட்சமாக உயர்ந்தது. அதே காரை மனைவி ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் அந்த 15 லட்சம் அவருக்கு இல்லை. ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கே அது. தினமும் ஓட்டுபவருக்குத் தனியாக விபத்துப் பாலிசி எடுப்பதும், பயணிகளுக்கான கூடுதல் பாதுகாப்பைச் சேர்ப்பதும் என்.சி.பி.யைக் காப்பதைவிட அவசரமான வேலை.

ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2022 ஜூலையில் ஒரு கதவைத் திறந்தது. ஓட்டிய தூரத்துக்கு ஏற்பவும் ஓட்டும் விதத்துக்கு ஏற்பவும் பிரீமியம் வைக்கலாம், பல வண்டிகளுக்குச் சேர்த்து ஒரே ஃபுளோட்டர் பாலிசி தரலாம் என்றது. ஆனால் ஃபுளோட்டரில் சேரும் கார்களும் இருசக்கர வண்டிகளும் ஒரே தனிநபருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று என்று பெயர் பிரிந்த வீட்டுக்கு அது உதவாது. இந்திய வீடுகளில் பெயர் பிரிந்திருப்பதுதான் வழக்கம்.

கணவர் இறந்தால் மனைவிக்குப் போகும் தள்ளுபடி, இருவரும் உயிரோடு இருக்கும்போது போகக் கூடாது என்பதற்குக் கணக்கியலில் நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. சலுகையைப் பலர் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்பது பழைய பயம். ஒரு தள்ளுபடி ஒரு காருக்குத்தான் என்ற விதி நிற்கும்வரை, அது கணவரிடமிருந்து மனைவிக்குப் போனால் கணவரிடம் இருக்காது; நிறுவனத்துக்கு நட்டம் இல்லை. பாலிசி, கிளெயிம் விவரங்களைத் திரட்டி வைக்க 2009இலேயே இன்ஷூரன்ஸ் இன்ஃபர்மேஷன் பீரோ தொடங்கப்பட்டுவிட்டது. பழைய நிறுவனத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருந்த காலத்து விதியை அப்படியே வைத்திருக்கத் தேவையில்லை. மூன்று மாற்றங்கள் போதும். வாழ்நாளிலேயே கணவன் மனைவிக்கிடையிலும் பெற்றோர் பிள்ளைகளுக்கிடையிலும் ஒருமுறை தள்ளுபடியை மாற்றிக்கொள்ள அனுமதி. விரும்புபவர்கள் காரை வழக்கமாக ஓட்டுபவரின் பெயரைப் பாலிசியில் பதிந்துகொள்ளவும், அவர் பின்னால் தனிக் கார் வாங்கும்போது அந்த ஆண்டுகளைக் காட்டவும் ஒரு வழி. ஒரே முகவரியில் வாழும் குடும்பத்தாரின் வண்டிகளுக்குச் சேர்த்து ஃபுளோட்டர். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் ஒரு சுற்றறிக்கை போதும். அதை அவர்கள் வெளியிட வேண்டும்.